கல்லுக்கும் இலைக்கும் நடுவே: மதுரையில் ரெண்டு நாள் வெளிச்சாப்பாடு

பிள்ளைகள் ரெண்டும் காலாண்டுப் பரீட்சை லீவுக்குத் திருமங்கலத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் இதைப் பத்த வைக்கப் போறதில்ல"ன்னு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பார்சல் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார்.

கல்யாணம் ஆகி 16 வருஷம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கிற ஊர் மதுரை. நானும் சின்ன வயசிலிருந்து நூற்றுக்கணக்கில் பரோட்டா சாப்பிட்டிருப்பேன். ஆனால் மாஸ்டர் போடப் போட, கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒரு தடவைகூட இல்லை. எல்லாமே பார்சல். அவர் கேட்டபோதுதான் இது எனக்கே உறைத்தது.

"பார்சல் வேணாம்ங்க. கடைக்கே போவோம்" என்றேன்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி நம்மிடம் இப்போது விமர்சனத்துக்குப் பஞ்சமே இல்லை. வீடியோவில் ஒருத்தர் வாயில் வைத்த உடனே கண்ணை மூடுவார்; "அப்படியே கரையுது" என்பார். கொஞ்சம் பொறுப்பாக எழுதுகிறவர்கள் ருசி, விலை, அளவு, சுத்தம் என்று நாலு விஷயம் பார்ப்பார்கள். எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஐந்தாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும் என்று இந்த ரெண்டு நாளில் எனக்குத் தோன்றியது: உங்களை எங்கே உட்கார வைத்தார்கள்? இது மரியாதை சம்பந்தப்பட்ட கேள்வி என்று நினைத்துத்தான் நோட்டில் குறித்தேன். போகப் போக, ருசியும் இதற்குள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்தது.

வெள்ளி ராத்திரி: பரோட்டா

கடையின் பெயர் வேண்டாம். அந்த மாதிரி கடை எல்லாத் தெருவிலும் உண்டு. முன்னால் பெரிய கல், அதை ஒட்டி நாலு டேபிள், பிளாஸ்டிக் ஸ்டூல்கள். உள்ளே திரை போட்ட ஒரு சின்ன அறை. நாங்கள் வண்டியை நிறுத்தியதும் கடைத் தம்பி கேட்டார்: "ஃபேமிலியாண்ணே? உள்ள போங்க, ஃபேன் இருக்கு."

இந்த "ஃபேமிலி" என்கிற சொல்லைக் கவனியுங்கள். கூடப்பிறந்த அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்து வந்தாலும் கடைக்காரர் கணக்கில் அது ஃபேமிலி ஆகாது. ஒரு ஆணோடு ஒரு பொம்பளை வந்தால் உடனே ஃபேமிலி. அந்தச் சொல்லுக்குக் கடையில் அர்த்தம் "பொம்பளை வந்திருக்கு, திரையைப் போடு" என்பதுதான். தம்பி கேட்டது அவரைப் பார்த்து. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவர் உள்ளே நடக்க ஆரம்பித்துவிட்டார். "இங்கயே உக்காருவோம்ங்க" என்றேன்.

"அக்காவுக்குப் புகை அடிக்கும்ணே."

"அடிக்கட்டும் தம்பி."

உட்கார்ந்தோம். மாஸ்டர் மாவை வீசுகிற சத்தம், கல்லில் எண்ணெய் பொரிகிற சத்தம். வெந்த பரோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரெண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்கினார். அடித்த கையோடு என் இலையில் ஒன்று விழுந்தது.

பரோட்டா என்றால் இழுத்துப் பிய்த்து, தாடை வலிக்க மெல்லுகிற ஒரு சாமான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. விரல் பட்டதும் அடுக்கு அடுக்காக உதிர்ந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மைதா மாவில் எண்ணெய் தடவிச் சுருட்டுவதால் அடுக்குகள் உண்டாகின்றன; சூட்டில் அடிக்கும்போது அவை பிரிந்து நடுவில் காற்று புகுகிறது. ஆறினால் மாவுச்சத்து இறுகிவிடும். பார்சலில் இன்னொரு கஷ்டமும் சேரும்: இலைக்குள் அடைபட்ட ஆவி மேல்தோலை நமுக்க வைக்கும், பிறகு அதே தோல் ஆறித் தோலாகவே ஆகிவிடும். இருபது நிமிஷம் போதும். நான் இத்தனை வருஷம் சாப்பிட்டது பரோட்டாவின் மிச்சம்.

சால்னா விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போனது. "உங்க கடை சால்னா தண்ணியா இருக்கு"ன்னு வீட்டில் எத்தனை தடவை குறை சொல்லியிருக்கிறேன்! அன்றைக்கும் தண்ணியாகத்தான் இருந்தது. சோம்பு கொஞ்சம் தூக்கல், தேங்காய் கம்மி. ஆனால் சுடச்சுடப் பிய்த்துப் போட்ட பரோட்டாவில் அதை ஊற்றினால் ஒவ்வொரு அடுக்கும் உறிஞ்சிக் கொள்கிறது. கெட்டியாக இருந்தால் மேலேயே நின்றுவிடும். அந்தச் சால்னாவின் பக்குவம் சூடான பரோட்டாவுக்காக வைத்தது. ஆறிப்போனதோடு தொட்டுத் தின்றுவிட்டு அதற்கு மார்க் போட்டது என் தப்பு.

இரண்டாவது பரோட்டா பாதியில் இருக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "நான் எப்பவும் இங்க ரெண்டு சாப்டுட்டுத்தான் உனக்குப் பார்சல் கட்டச் சொல்லுவேன்."

"வீட்டுக்கு வந்து மறுபடி என்கூட உக்காந்து ரெண்டு சாப்புடுவீங்களே?"

"அது சும்மா உனக்குத் துணைக்கு."

பதினாறு வருஷம்! கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

சனி காலை: இட்லி

டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு சைவ டிபன் கடை. இங்கே என்னை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. எல்லா டேபிளிலும் பெண்கள். தனியாக வந்த ஒரு அம்மா பேப்பர் படித்துக்கொண்டே பொங்கல் சாப்பிட்டார்கள். இட்லி நன்றாக இருந்தது, பூ மாதிரி. சாம்பாரில் கொஞ்சம் இனிப்பு. நாலு சட்னி வைத்தார்கள். அதில் ரெண்டு நிறத்துக்காக மட்டும் வைத்தது. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

ஆனால் சைவ ஹோட்டலில் உட்காருவது எல்லோருக்கும் எப்போதும் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. காபி கிளப்புகளும் டிபன் ஹோட்டல்களும் தமிழ்நாட்டில் பெருகிய காலத்தில், யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு இடங்களில்கூட பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. 1941-இல்தான் அது ஒழிந்தது. ஹோட்டல் போர்டுகளில் "பிராமணாள்" என்று எழுதுவதை எதிர்த்து 1957-இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்னால் நடத்திய போராட்டம் பிரசித்தம். உட்கார்ந்து காபி குடிக்கிற இடத்துக்காக ஆட்கள் ஜெயிலுக்குப் போன ஊர் இது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்த கதையும் நமக்குத் தெரியும்.

அதையும் என் பரோட்டாக் கடைத் திரையையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். அங்கே உள்ளேயே விடமாட்டார்கள். என்னை உபசாரம் பண்ணி ஃபேன் போட்ட அறைக்கு அனுப்பினார்கள். ஆனாலும் அந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே போர்டு இருந்தது, அதை இறக்கச் சொல்லிப் போராட முடிந்தது. "பொம்பளைங்க வெளியே உக்காரக் கூடாது"ன்னு எந்தப் பரோட்டாக் கடையிலும் போர்டு தொங்கவில்லை. அதனால் இறக்குவதற்கும் ஒன்றும் இல்லை. கேட்டால், "யாரும்மா வேணாம்னா?" என்பார்கள். உண்மைதான். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனி மதியம்: மெஸ்

மதுரைக்கு வந்து அசைவ மெஸ்ஸுக்குப் போகாமல் விமர்சனம் எழுதினால் நம்ப மாட்டீர்கள். நாங்கள் போன மெஸ்ஸில் கீழே சாதா ஹால், மேலே ஏசி ஹால். வழக்கம்போல மாடிப்படியைக் காட்டினார்கள். இந்தத் தடவை சரி என்று போனேன், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

மேலே மெனு கார்டு வேறு. அதே மட்டன் சுக்கா, அதே அயிரை மீன் குழம்பு, ஒவ்வொன்றுக்கும் விலை கூட. ஏன் கூட என்று கேட்டால் "ஏசிக்கு டாக்ஸ் ஜாஸ்தி சார்" என்று இன்றைக்கும் சில இடங்களில் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத உணவகங்களுக்கு 12 சதவீதம், ஏசி உள்ளவற்றுக்கு 18 சதவீதம். ஆனால் அதே வருஷம் நவம்பர் 15-இலிருந்து சாதாரண உணவகங்களுக்கு, ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 5 சதவீதம்தான். வரி சமமாகிவிட்டது, விலை அப்படியே மாடியில் நின்றுவிட்டது. கரண்ட் செலவு உண்டு, நாற்காலி மெத்தை செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரி என்று சொல்லாதீர்கள்.

என் குறை விலையைப் பற்றியது அல்ல. கீழே ஹாலில் குழம்பு வாளியோடு ஆள் சுற்றிக்கொண்டே இருக்கிறார். சோற்றில் குழி பறித்து முடிப்பதற்குள் குழம்பு விழும்; "இன்னுங் கொஞ்சம் ஊத்துண்ணே" என்றால் நிற்பார். மேலே குழம்பு சின்னக் கிண்ணத்தில், அளந்து வந்தது. ரெண்டாவது தடவை ரசம் கேட்டு வருவதற்குள் சோறு காய்ந்துவிட்டது. சுக்காவின் மேல் கொழுப்பு வெள்ளையாகக் கட்டிப்போனது. ஏசிக் காற்றில் ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறையும். அவர் கை கழுவும் சாக்கில் கீழே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "கீழ ஆவி பறக்குது. நம்ம கூடக் காசு குடுத்து ஆறுனதைத் திங்கறோம்."

அவர் வாயிலிருந்தே அது வந்ததில் எனக்குத் திருப்தி.

அயிரை மீன் குழம்பைப் பற்றி ஒரு வார்த்தை. மீன் பொடிசு, முள்ளோடு அப்படியே சாப்பிடுகிற மீன். புளி சரியாக இருந்தது, மண்வாடை துளியும் இல்லை. அயிரையை நன்றாக உரசிக் கழுவாவிட்டால் குழம்பு முழுக்க மண் அடிக்கும். யாரோ பின்னால் உட்கார்ந்து ரொம்பப் பொறுமையாகக் கழுவியிருக்கிறார்கள். கல்லாவில் ஆண், பரிமாறுவது ஆண், அடுப்பில் ஆண். மீன் கழுவுகிற, வெங்காயம் உரிக்கிற கைகள் யாருடையவை என்று வெளியே வரும்போது சந்துப் பக்கம் பார்த்தேன். மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

சனி சாயங்காலமும் ராத்திரியும்

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாதாம் பிசின், கடல்பாசி, நன்னாரி சர்பத், காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். இதில் விமர்சனம் பண்ண ஒன்றும் இல்லை, குடிக்க வேண்டியதுதான். ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன்: இங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாக ரோட்டில் நின்று குடிக்கிறார்கள். நாற்காலியே இல்லாத இடத்தில் திரைக்கும் வேலை இல்லை.

ராத்திரி பசி பெரிதாக இல்லை. ஒரு சந்தில் இட்லி விற்கிற அக்காவைப் பார்த்தோம். மதுரையில் ராத்திரி இட்லி ரொம்ப சகஜம். இப்படித் தெருவோரம் துணி போட்ட தட்டில் அவித்து விற்பது நிறையப் பெண்கள்தான். சுற்றி நின்று சாப்பிட்டது எட்டுப் பேர், எட்டும் ஆண்கள். அக்கா என்னைப் பார்த்துத் தன் பக்கத்துப் பலகையைத் தட்டி, "இங்க உக்காரு தாயி" என்றார். அந்த ரெண்டு நாளில் எனக்குக் கிடைத்த நல்ல ஆசனம் அதுதான். இட்லி கொஞ்சம் புளிப்பு, தக்காளிச் சட்னி நல்ல காரம், தட்டிலிருந்து நேராக இலைக்கு வந்தது.

"நீங்க எப்பக்கா சாப்புடுவீங்க?"

"கடையக் கட்டிட்டு வீட்டுக்குப் போயித்தான்."

"இட்லியா?"

"மிஞ்சுனா."

ஞாயிறு: கறிதோசை

சிம்மக்கல் பக்கம் கறிதோசை. தடித்த தோசை, மேலே முட்டை, அதற்கு மேல் பொடியாக நறுக்கி மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி. அப்படியே திருப்பிப் போட்டு எடுக்கிறார்கள். கடை ஒடுக்கம். எந்த டேபிளில் உட்கார்ந்தாலும் கல் தெரியும். தனி அறை போட இடமே இல்லை, அதனால் பாட்டி, பேத்தி, காலேஜ் பிள்ளைகள், கணவன் மனைவி எல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் எந்த ஆபத்தும் வந்துவிடவில்லை. ரெண்டு நாளில் சாப்பிட்டதில் இதற்குத்தான் என் முதல் மார்க். கறி நன்றாக வெந்திருந்தது, முட்டை அடியில் பிடித்துக்கொண்டு கறி உதிராமல் நின்றது. உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூட. மறுபடியும் சொல்கிறேன், கல்லிலிருந்து அரை நிமிஷத்தில் வந்தது.

ஆனால் இந்தக் கட்டுரையை இங்கே முடித்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன்.

அன்றைக்கு ராத்திரியே பிள்ளைகளைக் கூட்டிவரத் திருமங்கலம் போக வேண்டும். வண்டியில் முக்கால் மணி நேரம். போகிற வழியில் வெள்ளிக்கிழமைக் கடையில் நிறுத்தி, அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டுப் பரோட்டா பார்சல் வாங்கினோம். வாங்கினது நான். வாங்கும்போது ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா பார்சலைப் பிரித்தார்கள். பிள்ளைகளுக்கு வைத்து, எங்களுக்கு ஒன்று ஒன்று வற்புறுத்தி வைத்து, கடைசியில் ஒன்றை எடுத்துச் சால்னாவில் ஊற வைத்தார்கள். "எனக்கு ஒண்ணு போதும். இந்தப் பரோட்டாதான் எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே புடிக்காதே" என்றார்கள். இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அப்பா இருந்தபோது சனிக்கிழமை ராத்திரி பார்சல் வரும். அம்மா கடைசியாக, அடியில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு இதையேதான் சொல்வார்கள்.

"கடையில உக்காந்து சூடா சாப்ட்டிருக்கியாம்மா?"

"நல்லா கேட்ட போ. பொம்பள போயி பரோட்டாக் கடையில உக்காருவாளா?"

எழுபத்திரண்டு வயசில் ஒரு மனுஷிக்கு ஒரு சாப்பாடு பிடிக்காது என்று இருக்கிறது. அந்த அபிப்பிராயம் முழுக்க ஆறிப்போன பரோட்டாவை வைத்து உண்டானது. வெள்ளிக்கிழமை வரைக்கும் சால்னாவைப் பற்றி நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு வெளிச்சாப்பாட்டு ருசி தெரியாது, வீட்டுச் சாப்பாடுதான் பிடிக்கும் என்று சொல்கிற ஆண்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்கள் எங்கே நின்று சாப்பிட்டார்கள், நாங்கள் எத்தனை நிமிஷம் கழித்துச் சாப்பிட்டோம் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அவர் எதுவும் பேசவில்லை. புதன்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது அந்தக் கடையில் நிறுத்தியிருக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி, ஸ்டூலில் உட்கார முடியாது. முதுகு சாய்கிற நாற்காலி உள்ளே திரை போட்ட அறையில் மட்டும்தான் இருக்கிறது.

"என்ன பண்ணலாம்னு கேட்டேன்" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"அந்தத் தம்பி என்ன சொன்னாரு?"

"உள்ள இருக்கற சேர்ல ஒண்ணைத் தூக்கி கல்லுப் பக்கம் போட்டாப் போச்சு, அம்மாவைக் கூட்டிட்டு வாங்கண்ணேன்னாரு."